நாற்பது நிமிட வரலாறு

மழைக்காலம் தொடங்கிவிட்டால் புனே நகரத்துக் கைப்பேசிகளில் ஒரே வகையான விளம்பரம் சுற்றத் தொடங்குகிறது. "கார்லா, பாஜா குகைகள், அருவிக் குளியல், பூஷி அணை, மதிய உணவு, அனுபவமிக்க வழிகாட்டி, எல்லாம் ஒரே நாளில்." இந்த வரிசையில் குகை உண்மை, அருவி உண்மை, அணை உண்மை. உணவும் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும். "அனுபவமிக்க வழிகாட்டி" என்பது மட்டும் பொய். அந்த ஒரு பொய்யைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். மக்கள் குகைக்குப் போகக்கூடாது என்றோ, அருவியில் நனையக்கூடாது என்றோ நான் சொல்லவில்லை. ஆறு நாள் கணினி முன் குனிந்திருந்தவர்கள் ஏழாம் நாள் மலையேறித் தண்ணீரில் நிற்க விரும்புவது இயல்பான ஆசை. அந்த ஆசையைக் காசாக்குகிறவர்கள் வாங்கிய காசுக்கு என்ன தருகிறார்கள் என்பதே என் கேள்வி. வரலாறு என்று அவர்கள் விற்பது வரலாறு அன்று. தண்ணீர் என்று அவர்கள் விற்பதில் பாதுகாப்பு இல்லை. இவ்விரண்டும் வெவ்வேறு குறைகள் போலத் தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அந்த இடத்தை அறிந்திருப்பதற்காக அந்தப் பேருந்தில் ஒருவருக்கும் கூலி கொடுக்கப்படவில்லை.

சென்ற மழைக்காலத்தில் அப்படியொரு பயணத்தில் நானும் கட்டணம் செலுத்திச் சென்றேன். கார்லாவின் பெருஞ்சைத்தியத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் நாற்பது நிமிடம். அதில் படியேறும் நேரமும் அடக்கம். தண்ணீருக்கு மூன்றரை மணி நேரம். வழிகாட்டி இருபது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். "பாண்டவர்கள் வனவாசத்தின்போது ஒரே இரவில் குடைந்தது" என்றார். அடுத்த வாக்கியம், "பத்து நிமிடத்தில் எல்லாரும் பேருந்துக்கு வந்துவிடுங்கள்." அந்த இளைஞர் மீது எனக்குச் சினமில்லை. தலையை எண்ணுவதற்குத்தான் அவரை அமர்த்தியிருந்தார்கள், எண்ணினார். ஏறியவர்கள் இறங்கியவர்கள் கணக்கு கடைசிவரை பிசகவில்லை.

ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் எங்கள் தலைக்கு மேலும் தோளுக்குப் பக்கத்திலும் எழுதியிருந்தவற்றை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்தியாவின் குடைவரைச் சைத்தியங்களுள் ஆகப் பெரியது கார்லா. அதன் வளைகூரையில் பொருத்திய மரவிலாக்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக அங்கேயே நிற்கின்றன. அதைவிட வியப்பானது, அந்த மண்டபம் தன்னைக் கட்டியவர்களின் பெயர்ப்பட்டியலைத் தன் உடம்பிலேயே சுமந்து நிற்பது. முகமண்டபத்தில் உள்ள கல்வெட்டு, வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலன் என்னும் சேட்டி இந்தக் கல்மாளிகையை நிறைவேற்றியதாகவும், நாவலந்தீவில் இதுவே சிறந்தது என்றும் அறிவிக்கிறது. வைஜயந்தி இன்றைய கர்நாடகத்துப் பனவாசி என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கிருந்து ஒரு வணிகர் சகியாத்திரி மலைக்கு வந்து பணம் போட்டிருக்கிறார். தற்பெருமையும் கொஞ்சம் அடித்துக்கொண்டிருக்கிறார். சேட்டி என்ற அந்தச் சொல்லும் நம் செட்டியும் உறவு என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள் என்பதைத் தமிழ் வாசகருக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். தூண்தோறும் ஒரு பெயர். தேனுகாகடம் என்னும் ஊரிலிருந்து வந்த யவனர்கள் சிலர் தூண்கள் கொடுத்திருக்கிறார்கள். சங்கப் பாடல்கள் வழியாக நமக்குப் பழக்கமான அதே யவனர் என்ற பெயரால்தான் தம்மைக் குறித்துக்கொள்கிறார்கள். பிராகிருதத்தில் எழுதி, பௌத்தச் சங்கத்துக்குக் கொடையளிக்கிறார்கள். அதே ஊரின் நறுமணப்பொருள் வணிகன் சிம்மதத்தன் வாயில் கொடுத்தான். வேணுவாசனின் மகன் சாமி என்னும் தச்சன் தன் பெயரை வாயிலருகே பொறித்துவைத்தான். (சாமி என்றதும் "பார்த்தாயா, தமிழன்" என்று யாரும் கிளம்பவேண்டாம், அது பிராகிருதத்தில் இயல்பாக வரும் பெயர்.) பிக்குகள் கொடுத்தார்கள், பிக்குணிகள் கொடுத்தார்கள். சத்திரப மன்னன் நகபானனின் மருமகன் உசவதாதன், வலூரகத்துக் குகைகளில் தங்கும் துறவிகளுக்காக ஓர் ஊரையே கொடையாக விட்டான். வலூரகம்தான் இந்த இடத்தின் பழைய பெயர்.

தச்சன், வாசனைப்பொருள் விற்றவன், பிக்குணி, அயல்நாட்டான், அரசனின் மருமகன் ஆகிய அத்தனை பேரும் ஒரே மண்டபத்தில் பக்கம் பக்கமாகப் பெயர் எழுதிக்கொண்ட ஆவணம் இது. பண்டைய இந்தியாவில் இப்படிப்பட்ட ஆவணங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில்தான் உள்ளன. அத்தனை பெயர்களையும் ஒரே வாக்கியத்தில் துடைத்துவிட்டு ஐந்து இளவரசர்களுக்குப் பட்டா எழுதிக் கொடுப்பதுதான் "பாண்டவர் குடைந்தது" என்ற கதை.

உடனே ஒரு மறுப்பு வரும்: "நாட்டார் வழக்காற்றை மதிக்கத் தெரியாத ஆய்வாளர் நீங்கள்." தெரியும். ஊர்ப் பாட்டி ஒருத்தி பேரனுக்குப் பாண்டவர் கதை சொன்னால் நான் உட்கார்ந்து பதிவு செய்வேன். அது அவள் நிலத்தோடு அவளுக்குள்ள உறவு. கார்லா சைத்தியத்தின் வாசலிலேயே ஏகவீரா தேவியின் கோயில் இருக்கிறது. கோளி மக்கள் திரள் திரளாக வருகிறார்கள். புனேயில் வாழ்ந்து 1966இல் மறைந்த தா. தா. கோசம்பி, இந்த மலைகளைக் காலால் நடந்து அளந்தவர். தாய்த்தெய்வ வழிபாடும் வணிகப் பாதையும் பௌத்த விகாரமும் ஒரே இடத்தில் ஏன் கூடின என்ற கேள்வியை எழுப்பினார். நாட்டார் வழக்காற்றை மதிப்பது என்றால் அப்படி மதிக்கவேண்டும். பயண நிறுவனத்தின் காகிதத்தில் அச்சிட்ட பாண்டவர் கதை வழக்காறு அன்று, சோம்பல். அதுவும் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிற சோம்பல்.

இந்தத் தகவல்கள் எங்கோ பூட்டிவைத்த இரகசியமும் அல்ல. பிராமி எழுத்து 1837இல் ஜேம்ஸ் பிரின்செப்பால் படிக்கப்பட்டது. மேற்கிந்தியக் குடைவரைக் கல்வெட்டுகளைப் பர்கெசும் பகவான்லால் இந்திராஜியும் 1881லேயே நூலாக்கிவிட்டார்கள். தொல்லியலுக்கும் மொழியியலுக்கும் பெயர்போன டெக்கான் கல்லூரி இதே புனேயில், எரவாடாப் பக்கம் இருக்கிறது. பேருந்து புறப்படும் நகரத்திலேயே விடை இருக்கிறது. வினவுவதற்குத்தான் ஆளில்லை.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். பயண விளம்பரங்கள் குகையையும் தண்ணீரையும் இருவேறு பொருள்களாக விற்கின்றன: காலையில் கொஞ்சம் வரலாறு, மாலையில் நிறையக் குளியல். இந்த மலைகளைக் குடைந்தவர்களுக்கு அவை இரண்டல்ல. சகியாத்திரியில் நான்கு மாதம் வானம் உடைந்து கொட்டும். மீதி எட்டு மாதம் பாறை காயும். ஆகவே ஒவ்வொரு குடைவரைத் தொகுதியிலும் துறவியின் அறையைக் குடைந்த கையே அருகில் நீர்த்தொட்டியையும் குடைந்தது. தொட்டிக்குக் கல்வெட்டுகளில் வழங்கும் பெயர் 'போடி'. அது கொடையாகக் கொடுக்கத்தக்க பொருளாக, பெயர் பொறிக்கும் பெருமைக்குரியதாக இருந்தது. பாஜாவில் மகாரதி கோசிகிபுத்திரன் விண்ஹுதத்தன் ஒரு போடியைக் கொடுத்ததாகக் கல்வெட்டு உண்டு. பேட்சேயில் தொட்டிக்கு அருகே ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது: மகாபோஜனின் மகள், ஆபதேவணகனின் மனைவி, மகாரதினி சாமடினிகா. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் மலைமேல் ஒரு தொட்டித் தண்ணீரைத் தன் பெயரால் விட்டுச்சென்றிருக்கிறாள். அந்தத் தொட்டியின் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிற நூறு பேரில் ஒருவருக்கு அவள் பெயர் தெரியுமா? தெரியாததற்கு அந்த நூறு பேர் பொறுப்பாளிகள் அல்லர்.

மழைநீர் எந்தப் பாறை வழியாக இறங்கும், எங்கே தேங்கும், எங்கே அடித்துச் செல்லும் என்பதைக் கூர்ந்து பார்த்தவர்கள்தான் இந்தத் தொட்டிகளை வெட்டமுடியும். பாஜாவில் மழைக்காலத்தில் குகைகளை ஒட்டியே அருவி விழுகிறது. அறைகளும் தூபிகளும் அதற்கு வழிவிட்டு நிற்கின்றன. அங்கே ஒரு வழிகாட்டி நின்று, "இவர்கள் தண்ணீரைக் கண்டு எங்கே ஒதுங்கினார்கள், எங்கே அணைத்துக்கொண்டார்கள் பாருங்கள்" என்று ஐந்து நிமிடம் சொன்னால் போதும். வரலாறும் பாதுகாப்பும் ஒரே பாடமாகிவிடும்.

அந்த ஐந்து நிமிடம் இல்லாததன் விலை என்ன என்பதை நாடே கைப்பேசியில் பார்த்தது. 2024 சூன் 30, ஞாயிற்றுக்கிழமை. பூஷி அணைக்கு அருகிலுள்ள அருவியில் புனேயின் ஹடப்சர் பகுதியிலிருந்து வந்திருந்த குடும்பத்தினர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பாறைமேல் நிற்க, தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்களுள் நால்வர் குழந்தைகள். அடுத்த ஆண்டு, 2025 சூன் 15, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. தளேகாவுக்கு அருகே குண்ட்மலாவில் இந்திராயணியின் மேலிருந்த பழைய இரும்புப் பாலம், வெள்ளம் பார்க்கக் கூடிய கூட்டத்தோடு இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள்.

இவர்கள் கட்டணப் பயணத்தில் வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. தாமாகவே வந்தவர்கள். ஆனால் அந்த இடங்களை "மழைக்காலத்தில் கட்டாயம் பார்க்கவேண்டியவை" என்று ஆண்டுக்கணக்கில் விற்றுப் பழக்கியது யார்? நிறுவனம் பேருந்தில் நாற்பது பேரை அங்கே இறக்கிவிடும்போது, பக்கத்தில் தாமாக வந்து நிற்கிற குடும்பம் என்ன நினைக்கும்? "இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒன்றும் ஆகாது" என்றுதான். மலையோடையின் இயல்பு அதற்கு நேர்மாறானது. நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே நீர்ப்பிடிப்பில் கொட்டிய மழை சிறிது நேரத்தில் கீழே வந்துவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறினால், சருகும் குச்சியும் மிதந்துவரத் தொடங்கினால், உடனே கரையேறவேண்டும். இதை அந்த வட்டாரத்து மாடு மேய்க்கும் சிறுவனும் அறிவான். பேருந்தில் வந்த வழிகாட்டி அறியமாட்டார். அவர் வேறு ஊர்.

பூஷி அணை குளிப்பதற்காகக் கட்டிய அணையும் அன்று. நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் சேர்ப்பதற்காக வெள்ளையர் காலத்தில் இரயில்வேக்காகக் கட்டப்பட்டது. அதன் படிகளில் வழியும் நீர் ஒரு துணைவிளைவு. அந்தத் துணைவிளைவின் மீதுதான் இன்று ஓர் ஊரின் மழைக்கால வணிகமே நிற்கிறது.

2024 விபத்துக்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் நீர்நிலைகளைச் சுற்றித் தடையாணைகள் பிறப்பித்தது. தடை தேவையான நேரங்கள் உண்டு. ஆயினும் அரசுகள் செய்கிற வேலைகளில் தடைதான் ஆகக் குறைந்த செலவுடையது: ஒரு காகிதம், ஒரு பலகை, இரண்டு காவலர். மக்கள் பலகையைத் தாண்டிப் போகிறார்கள். காவலர் மாலையில் வீட்டுக்குப் போகிறார். என் துறை நண்பர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "குகைகளையே பொதுமக்களுக்கு மூடிவிட்டால் நல்லது, சுவரெல்லாம் பெயர் கிறுக்குகிறார்கள்" என்கிறார்கள். கிறுக்குகிறார்கள்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டாண்டுவரை சிறை அல்லது ஓரிலட்சம் ரூபாய்வரை தண்டம் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கையை நண்பர்கள் கவனிக்கவில்லை. அந்தச் சுவரில் பெயர் எழுதும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்கள் அந்தத் தச்சனும் யவனர்களும்தான். தூணைக் கொடுத்துவிட்டு எழுதினார்கள், அவ்வளவே வேறுபாடு. காதலியின் பெயரை ஆணியால் கீறுகிற இளைஞனிடம் இதைச் சொன்னால் ஆணியைக் கீழே போடுவான் என்று நம்புகிறேன். நம்பாதவர்கள் கதவைப் பூட்டட்டும். பூட்டிய கதவுக்குப் பின்னால் கல்வெட்டு பத்திரமாக இருக்கும், நமக்குள்ளேயே கட்டுரை எழுதிக்கொள்ளலாம்.

நாணேகாட்டையும் சொல்லாமல் விடமுடியாது. ஜுன்னருக்கு மேற்கே, கடற்கரையிலிருந்து தக்காணத்துக்கு வணிகர் ஏறிவந்த கணவாய் அது. அங்குள்ள குகையில் சாதவாகன அரசி நாகனிகாவின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது: செய்த வேள்விகள், கொடுத்த பசுக்கள், கொடுத்த காசுகளின் எண்ணிக்கை. இந்திய எண்குறிகளின் வரலாற்றை எழுதுகிறவர் யாரும் இந்தச் சுவரைத் தாண்டிப் போகமுடியாது. உலகம் இன்று எழுதும் எண்களின் மூதாதைகள் சில அதில் இருக்கின்றன. அரச குடும்பத்தின் உருவங்கள் உடைந்துபோய்ப் பெயர்கள் மட்டும் மேலே நிற்கின்றன. இவ்வளவுக்கும் நாணேகாட்டுக்கு இன்று மழைக்காலத்தில் கூட்டம் வருவது "தலைகீழ் அருவி"க்காக. காற்று நீரை மேல்நோக்கித் தள்ளும் காட்சி அது. அழகானதுதான், நானும் வாய்பிளந்து நின்றிருக்கிறேன். நான் கேட்பது இவ்வளவே: அருவிக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தவர்கள் நாகனிகாவுக்கு இருபது நிமிடம் கொடுக்கக்கூடாதா?

இது நம் நாட்டுக்கே உரிய கேடு என்று யாரும் கையைப் பிசையவேண்டாம். மெக்சிக்கோவின் கான்கூன் கடற்கரையிலிருந்து நாள்தோறும் இதே அச்சில் வார்த்த பயணங்கள் புறப்படுகின்றன: காலையில் சிச்சேன் இட்சாவின் மாயா இடிபாடு, பிற்பகலில் செனோட்டே என்னும் பாறைக்கிணற்றில் நீச்சல். வடக்கு யுகட்டானில் தரைமேல் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புப்பாறை உள்வாங்கி உருவான இந்தக் கிணறுகளை நம்பித்தான் நகரங்கள் எழுந்தன. சிச்சேன் இட்சா என்ற பெயருக்கே 'இட்சாக்களின் கிணற்று வாய்' என்பதுதான் பொருள். செனோட்டே என்பதும் மாயாச் சொல்லின் எசுபானியத் திரிபே. ஊர்ப்பெயரிலேயே கிணறு இருக்க, பயணச்சீட்டில் மட்டும் இடிபாடு ஒரு பொருளாகவும் கிணறு இன்னொரு பொருளாகவும் பிரிந்து கிடக்கின்றன. அங்கே பாண்டவர்களுக்குப் பதிலாக "மறைந்துபோன மர்ம மாயாக்கள்" விற்கப்படுகிறார்கள். மாயா மொழிகளை இன்றும் பல இலட்சம் பேர் பேசுகிறார்கள். இடிபாட்டின் வாசலில் கைவினைப்பொருள் விற்பவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். 1562இல் தியேகோ தே லாந்தா என்னும் பாதிரியார் அவர்களுடைய நூல்களை எரித்தார். 1952இல் யூரி கினோரோசொவ் அந்த எழுத்தைப் படிக்க வழிதிறந்தார். எரித்தவன் கதையும் படித்தவன் கதையும் மர்மத்தைவிடச் சுவையானவை. ஆனாலும் ஒன்றை அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள்: பலியும் காணிக்கையும் இட்ட புனிதக் கிணற்றில் யாரையும் நீந்தவிடுவதில்லை, நீந்தவிடும் கிணறுகள் பலவற்றில் மிதவை உடுப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பிரமிடின் மேல் ஏறுவதையும் நிறுத்திவிட்டார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எப்படி இறங்கலாம் என்று இடத்துக்கு இடம் யோசித்திருக்கிறார்கள். பொத்தாம்பொதுவான தடையாணைக்கும் இதற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள்.

புனேயில் வாழும் தமிழ் நண்பர்களிடம் தனியாக ஒரு சொல். கீழடி அகழாய்வுச் செய்தி வந்தால் நீங்கள் இரவெல்லாம் பகிர்கிறீர்கள்; மகிழ்ச்சி. அதே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கார்லாவில் பாண்டவர் கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறீர்கள். அழகர்மலைக் குகையில் உப்பு வணிகன் ஒருவனும், புகழூரில் கருவூர்ப் பொன்வணிகன் ஒருவனும் தமிழ்ப் பிராமியில் தம் பெயரை விட்டுச்சென்றது நமக்குப் பெருமை என்றால், ஏறத்தாழ அதே காலச் சூழலில், உறவுடைய எழுத்தில், வாசனைப்பொருள் வணிகன் ஒருவன் கார்லாவில் பெயர் எழுதியது நமக்கு அயலாகுமா? அநுராதபுரத்தில் 'தமெட' என்று குறிக்கப்பட்ட தமிழ் இல்லறத்தாரின் கல்வெட்டும் இதே குடும்பம்தான். குகைக்குப் பிராகிருதம் சொன்ன 'லேண' இலங்கைக் கல்வெட்டுகளிலும் உண்டு. மராத்தியர் நாவில் இன்றும் 'லேணி'யாக வாழ்கிறது. நம் ஊர்க் கல்வெட்டை மட்டும் நேசிப்பவர் உண்மையில் கல்வெட்டை நேசிக்கவில்லை, ஊரை நேசிக்கிறார். அது தவறில்லை, ஆனால் அதற்கு வரலாறு என்று பெயர் வைக்கவேண்டாம்.

என்ன செய்யலாம்? கார்லா, வேஹேர்காவ், பாஜா, மளவலி முதலிய ஊர்களில் பள்ளி முடித்த இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். தேநீர் விற்கிறார்கள், சோளம் சுடுகிறார்கள், வண்டி நிறுத்தக் காசு வாங்குகிறார்கள். பிராமி எழுத்துகளை அடையாளம் காணப் பழகுவதற்கு ஆர்வமுள்ள ஒருவருக்கு இரண்டு வாரம் போதும். வகுப்பெடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். தம் மலையின் ஓடை எப்போது ஏறும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. இவ்விரண்டு அறிவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவர்தான் வழிகாட்டி. அவருக்கு உரிமச்சீட்டு கொடுங்கள். வெளியூர்ப் பேருந்து எதுவும் அவரை அமர்த்தாமல் குகைக்கோ அருவிக்கோ ஆள் இறக்கக்கூடாது என்று விதி வையுங்கள். "இன்று தண்ணீரில் இறங்கக்கூடாது" என்று அவர் சொன்னால் ஏற்பாட்டாளர் மறுக்கமுடியாதபடி அதிகாரமும் கொடுங்கள். கூடவே ஒரு கயிறும் சில மிதவை உடுப்புகளும். கல்வெட்டுகளின் பொருளை மராத்தியில் பெரிய எழுத்தில், கொடுத்தவர்களின் பெயர், ஊர், தொழிலோடு தொல்லியல் துறை வாசலில் எழுதிவைக்கட்டும். இவற்றுள் எதற்கும் பெருந்திட்டம் தேவையில்லை. ஒரு மழைக்காலத்துக்குள் முடியும்.

"பயணச் செலவு கூடும், வாடிக்கையாளர் வரமாட்டார்" என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். அந்த வழிகாட்டியின் கூலியை நாற்பது பேர் பங்கிட்டால் தலைக்கு ஒரு தட்டு வடாபாவ் விலை வரும். வடாபாவைக் கழித்துவிட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பதிவு செய்திருக்கும் நண்பர்கள் பேருந்து புறப்படும் முன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கார்லாவைக் கட்டியவர்களில் மூவர் பெயர் சொல்லமுடியுமா? ஓடை திடீரென்று ஏறினால் எங்களை எந்தப் பக்கம் கொண்டுபோவீர்கள்? கயிறு வண்டியில் இருக்கிறதா? முதல் கேள்விக்கு விடை வராவிட்டால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். மற்ற இரண்டுக்கும் விடை வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, புறநகர் இரயிலில் மளவலியில் இறங்கி, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பாஜாவுக்கு நடந்துபோங்கள்.